இரண்டு குடிசைகள்

எளிய வாழ்க்கையின் பெருமையைப் பற்றி எழுதுகிற ஆசிரியர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. எளிமையில் விருப்பம் இல்லாததனால் அல்ல. நாவல் எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதாகப் படித்தால், அதே நேரத்தில் உள்ளே அடுக்களையில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எளிமை நல்லது என்று சொல்லாத பாஷை உலகத்தில் இல்லை. சொல்வதில் சிரமமும் இல்லை. அந்த எளிமைக்கு ஆன செலவு எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார் என்று சொல்கிற புஸ்தகங்கள்தான் குறைவு.

சொல்ல முயன்ற இரண்டு புஸ்தகங்களைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். ஒன்று, அமெரிக்கரான ஹென்றி டேவிட் தோரோ எழுதி 1854-ல் வெளிவந்த ‘வால்டன்’. மற்றது, ஜப்பானியரான காமோ நோ சோமெய் 1212-ல் எழுதி முடித்த ‘ஹோஜோகி’. இரண்டுக்கும் நடுவே ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் இரண்டும் ஒரு சின்னக் குடிசையைச் சுற்றி எழுந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் ஒவ்வொன்றிலும் உள்ள நிறைவும் குறைவும் சரியாகத் தெரிகின்றன என்பது என் அனுபவம்.

‘வால்டன்’ ஓரளவு எல்லோரும் பெயரளவிலாவது அறிந்த நூல். மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் கான்கார்ட் என்கிற ஊர். அதற்கு ஒன்றரை மைல் தெற்கே வால்டன் என்று ஒரு குளம். அதன் கரையில், நண்பர் எமர்ஸனுக்குச் சொந்தமான நிலத்தில், 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள ஒரு வீட்டைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டு, 1845-ம் வருஷம் ஜூலை 4-ம் தேதி தோரோ அதில் குடியேறினார். இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் அங்கே இருந்துவிட்டு 1847 செப்டம்பரில் ஊருக்குத் திரும்பினார். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். காதல் இல்லை, சாவு இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாவல் படித்துப் பழகிய வாசகருக்கு முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த ஐம்பது பக்கத்தில்தான் புஸ்தகத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதல் அத்தியாயத்தின் பெயரே ‘சிக்கனம்’. மளிகைக் கடைச் சிட்டை மாதிரி அதில் வரிசையாகக் கணக்கு வருகிறது. ஒரு ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பலகைகளைப் பிரித்துக் கொண்டுவந்தது, ஆணி எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, பழைய ஜன்னல் இரண்டுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போய், வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று முடிக்கிறார். எட்டு மாதச் சாப்பாட்டுக்கு 8 டாலர் 74 சென்ட். அந்த அரை சென்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அரை சென்ட்டின் மேல்தான் மரியாதை. தத்துவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரை சென்ட்டை விட்டுவிடுவார்கள். விடாமல் எழுதுகிறவர் சொல்லும் மற்ற விஷயங்களையும் நம்பலாம் என்று தோன்றுகிறது.

வீட்டில் நாற்காலி மூன்று. மேஜை மேல் அழகுக்காக வைத்திருந்த சுண்ணாம்புக்கல் துண்டுகள் மூன்று. அவற்றைத் தினம் தூசி தட்டவேண்டியிருக்கிறது என்று கண்டதும், மனத்தில் இருக்கிற தூசியே தட்டப்படாமல் கிடக்கிறதே என்று திடுக்கிட்டு ஜன்னல் வழியாக எறிந்துவிட்டதாகச் சொல்கிறார். இந்த மாதிரி இடங்களில் தோரோவின் நகைச்சுவை நன்றாக இருக்கிறது. இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை பயிரிட்டு, வரிசை வரிசையாக மொத்தம் ஏழு மைல் நீளத்துக்குக் களை கொத்துகிறார். ஆனால் அந்த அவரையை அவர் தின்னவில்லை. கொடுத்து அரிசி வாங்கிக்கொள்கிறார். இந்தியாவின் தத்துவத்தை இவ்வளவு விரும்புகிறவன் அரிசிச் சோறு தின்பதுதானே பொருத்தம் என்று ஒரு வார்த்தை வேறு. கொல்லையில் தானாக முளைத்த ஒரு கீரையைப் பறித்து, வேகவைத்து, உப்புப் போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டைத் திருப்தியாக முடித்ததாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அதன் தாவரப் பெயரையும் கொடுத்திருக்கிறார். பார்த்தால் நம் வீட்டுப் பருப்புக் கீரைதான். மாஸசூஸெட்ஸில் ஒரு தத்துவஞானி பருப்புக் கீரையைக் கண்டுபிடித்ததை நம் பாட்டிமார்கள் கேட்டிருந்தால், பருப்பு இல்லாமலா, தாளிக்காமலா என்று பரிதாபப்பட்டிருப்பார்கள்.

இந்தக் கீரையும் அரிசியும் வெறும் சிக்கனமாக நின்றிருந்தால் ‘வால்டன்’ இலக்கியமாகியிராது. கஞ்சத்தனத்துக்கும் எளிமைக்கும் உள்ள வித்தியாசம், மிச்சம் பிடித்ததை என்ன செய்தார் என்பதில்தான் தெரியும். தோரோ மிச்சம் பிடித்தது காசை அல்ல, பொழுதை. வருஷத்தில் ஆறு வாரம் வேலை செய்தால் பிழைப்புக்குப் போதும் என்பது அவர் கண்ட கணக்கு. மற்ற நாட்களில் என்ன செய்தார்? சில கோடைக் காலைகளில் குளித்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தால், சூரிய உதயத்திலிருந்து உச்சிப்பொழுதுவரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். அந்த மணிகள் வாழ்நாளிலிருந்து கழிந்தவை அல்ல, கூடுதலாகக் கிடைத்தவை என்கிறார். அதைப் படிக்கும்போது நமக்கும் மூச்சு நிதானப்படுகிறது. ஒரு எழுத்தாளன் வாசகனுக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இது சாமான்யமானதல்ல. இரண்டு வருஷ வாழ்க்கையை ஒரே வருஷமாகச் சுருக்கி, கோடையில் தொடங்கி, பனிக்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் குளம் உருகுவதில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற அமைப்பும் நாவலாசிரியர்கள் கவனிக்கவேண்டியது. வீட்டைக் கட்டச் சில மாதம் போதுமானதாக இருந்தது. குடிசையை விட்டு வந்தபின் புஸ்தகத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வெளியிட ஏழு வருஷம் பிடித்தது. எளிமையாக எழுதுவது எளிய காரியம் அல்ல.

தனிமை என்றால் உலகத்தை மறந்துவிடுவது என்று அவர் நினைக்கவும் இல்லை. ஓரிரண்டு நாளைக்கு ஒரு தரம் ஊருக்குப் போய் வம்பு கேட்டுவிட்டு வருவார். குளத்தை ஒட்டியே ரயில் பாதை போயிற்று. 1846–47 பனிக்காலத்தில் ஒரு கூட்டம் ஆட்கள் வந்து குளத்தின் பனியை அறுத்து அடுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறி நம் தேசத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதை வைப்பதற்காக 1842-ல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர்பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிற கட்டிடம். காலையில் பகவத் கீதையைப் படித்துவிட்டு வெளியே வந்து பனி அறுப்பதைப் பார்த்த தோரோ, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் தவிக்கிறவர்கள் தன் கிணற்றிலிருந்து குடிக்கிறார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்படுகிறார். நல்ல கற்பனை, நமக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சமாசாரம்போல் இருக்கிறது.

குளத்துப் பனி பூமியின் மறுபக்கம் போவதைக் காண முடிந்த இந்தக் கண், பக்கத்தில் இருந்த ஒன்றைச் சரியாகப் பார்த்ததா என்பதுதான் என் கேள்வி.

முன்னே சொன்ன கணக்கில் ஒரு வரி இருக்கிறது. வாசகர்கள் தாண்டிப் போய்விடக்கூடிய வரி. துணி துவைத்ததற்கும் கிழிசல் தைத்ததற்கும் ஆன செலவு இதில் சேரவில்லை. அவை பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். யார் துவைத்தார்கள், யார் தைத்தார்கள் என்று இல்லை. தோரோ ஊருக்குள் போய் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டார், அதனால் அவருடைய எளிமை போலி என்று குற்றம் சாட்டுகிற விமரிசகர்கள் உண்டு. அது சில்லறை வாதம். வெளியே சாப்பிடுவதுண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். தாம் சந்நியாசி என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த வராத பில்தான். அரை சென்ட்டை விடாத மனிதர், இதை வரவில்லை என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார். எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினாரே, அது அவருடைய நேர்மை. மேலே போய்விட்டாரே, அது அவருடைய குறை.

இந்தக் குறை முழு உருவத்தோடு வருகிற இடம் ‘பேக்கர் பண்ணை’ என்ற அத்தியாயம். மீன் பிடிக்கக் கிளம்பின தோரோ மழைக்காக ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். ஜான் ஃபீல்ட் என்ற ஐரிஷ்காரர், மனைவி, குழந்தைகள். கூரை ஒழுகுகிறது, கோழிகள் வீட்டுக்குள் உலாவுகின்றன. சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் புரட்டிக் கொடுத்தால் ஏக்கருக்குப் பத்து டாலர் என்று ஒப்பந்தம் பேசி உழைக்கிறவர் ஃபீல்ட். அவருக்குத் தோரோ உபதேசம் செய்கிறார். நான் டீ குடிப்பதில்லை, காபி குடிப்பதில்லை. வெண்ணெய், பால், மாமிசம் கிடையாது. ஆகையால் அவற்றுக்காக உழைக்க வேண்டியதில்லை. நீ இவற்றுக்காகப் பாடுபடுகிறாய், பாடுபடுவதால் நிறையச் சாப்பிட வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டால் என்னைப்போல் இருக்கலாம் என்கிறார். கேட்டுவிட்டு ஃபீல்ட் பெருமூச்சு விடுகிறார். மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நமக்குச் சாமர்த்தியம் உண்டா என்று அவர்கள் யோசிப்பதுபோல் இருந்தது என்று எழுதுகிறார் தோரோ. அதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் கையில் தரை துடைக்கும் துடைப்பம் எப்போதும் இருக்கிறது, ஆனால் துடைத்த அடையாளம்தான் எங்கும் இல்லை என்று ஒரு கிண்டல்.

ஒரு நாவலாசிரியன் இந்த இடத்தைத் தாண்டிப் போகமாட்டான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அம்மாள் என்ன நினைத்தாள்? கைக்குழந்தை வைத்திருப்பவளிடம் ஒருவர் வந்து பாலை விட்டுவிடலாம் என்கிறார். கூரை ஒழுகும் வீட்டில், கோழி நடமாடும் தரையில், எவ்வளவு துடைத்தாலும் அடையாளம் எப்படித் தெரியும்? ஐயா, உங்கள் சட்டையைத் துவைத்தது யார் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அத்தியாயம் வேறுவிதமாக முடிந்திருக்கும். தோரோவின் சித்தாந்தம் தவறல்ல. சொன்ன இடம் தவறு. தானாக விரும்பிக் குறைத்துக்கொண்டவனுடைய வறுமையும், விதியில்லாமல் வந்து சேர்ந்தவனுடைய வறுமையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். இரண்டு வீட்டிலும் நாற்காலி குறைவுதான். ஒருவன் வேண்டாம் என்றபோது எழுந்து ஊருக்குப் போகலாம். மற்றவன் போக முடியாது. புஸ்தகம் முழுவதிலும் தோரோ தன் சுபாவத்துக்குக் கீழே இறங்கின இடம் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இது அமெரிக்காவில் நடந்த பழங்கதை அல்ல. நம் வீடுகளில் தினமும் நடப்பது. “ஒன்றும் பெரிதாக வேண்டாம். எளிமையாக ஒரு ரசம், சுட்ட அப்பளம், கொஞ்சம் துவையல் போதும்” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரிக்கிற குடும்பத் தலைவரைப் பார்க்காதவர்கள் யார்? அவருக்கு அது எளிய சாப்பாடுதான். ஆனால் ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டும்; துவையலை அரைக்க வேண்டும்; அப்பளத்தை அடுப்பின் பக்கத்தில் நின்று திருப்பித் திருப்பிச் சுட வேண்டும்; பிறகு பாத்திரம் தேய்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்பட்ட பலகாரத்துக்கும், போதும் என்று சொல்லப்பட்ட துவையலுக்கும் உள்ள தூரம் திண்ணையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிகிற அளவு அடுக்களையில் நிற்கிறவளுக்குத் தெரிவதில்லை. அந்த வீட்டிலும் பில் வந்து சேரவில்லை.

இந்தக் கேள்வியோடு ‘ஹோஜோகி’யை எடுத்துப் படிக்கும்போது ஆச்சரியம் காத்திருக்கிறது.

காமோ நோ சோமெய் கியோத்தோவில் ஒரு கோயில் அர்ச்சகர் வம்சத்தில் பிறந்தவர். குடும்பப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. ஐம்பது வயதில் துறவு பூண்டு, பிறகு ஹினோ மலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். ‘ஹோஜோ’ என்றால் பத்தடிச் சதுரம். உயரம் ஏழடிகூட இல்லை. மூட்டுகளைக் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறது. பிடிக்காவிட்டால் பிரித்து இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போய்விடலாம். முப்பது வயதுக்குமேல் கட்டிக்கொண்ட வீடு தாம் வளர்ந்த வீட்டில் பத்தில் ஒன்று. இந்தக் குடிசை அதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை என்று அவரும் கணக்குச் சொல்கிறார்.

ஆனால் நூல் குடிசையில் தொடங்கவில்லை. பாதிக்குமேல் நகரத்தைத்தான் பேசுகிறது. 1177-ல் தலைநகரை எரித்த தீ, 1180-ல் சூறைக்காற்று, அதே வருஷம் ராஜ்ய சபையார் தலைநகரத்தையே பெயர்த்துக்கொண்டு போன கூத்து, 1181-லிருந்து இரண்டு வருஷப் பஞ்சம், 1185-ல் பூகம்பம். எல்லாம் அவர் நேரில் கண்டவை. பஞ்சத்தைச் சொல்லும்போது ஒரு விஷயம் சொல்கிறார். பிரிய மனமில்லாத இருவரில் யாருக்கு அன்பு அதிகமோ அவர்தான் முதலில் செத்தார். கிடைத்த கவளத்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டதனால். செத்துப்போன பிள்ளைகளையும் தாய்மாரையும் அவர் பார்த்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒரு துறவி, செத்தவர்களின் நெற்றியில் புனிதமான ஓர் எழுத்தை எழுதிக்கொண்டே போய், தலைநகரின் கிழக்குப் பாதியில் மட்டும் இரண்டு மாதத்தில் 42,300-க்கு மேல் எண்ணினார் என்கிற ஒரு தொகையே போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் நாம் குடிசைக்குள் நுழைகிறோம். அதனால்தான் அங்கே கிடைக்கிற அற்பமான உணவு நமக்கு அற்பமாகத் தோன்றுவதில்லை. மலையடிவாரத்து வயலில் உதிர்ந்த நெற்கதிர்களைப் பொறுக்குகிறார். மலைக் காவல்காரனுடைய மகன், பத்து வயதுப் பையன், அவருக்குத் தோழன், இவருக்கு அறுபது. இரண்டு பேருமாகச் சேர்ந்து காட்டுப் பழமும், வள்ளிக்கொடியில் காய்க்கிற சின்னக் கிழங்கும், கீரையும் பறித்துக்கொண்டு திரிகிறார்கள். வயது வித்தியாசம் உண்டு, சந்தோஷத்தில் வித்தியாசம் இல்லை என்கிறார். ஒரு சில வாக்கியம்தான். தோரோ இதற்கு ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார்.

மேலும், தோரோ தாண்டிப்போன இடத்தில் சோமெய் நிற்கிறார். எனக்கு வேலைக்காரர்கள் என் இரண்டு கை, வாகனம் என் இரண்டு கால். என் உடம்பின் சிரமம் எனக்குத் தெரியும், ஆகையால் களைத்தால் ஓய்வு கொடுக்கிறேன். பிறரை வருத்துவது பாவம், எதற்காகப் பிறர் பலத்தைக் கடன் வாங்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு பகுதி வருகிறது. பில் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதோடு, இந்த இன்பங்களைப் பணக்காரர்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை, என் பழைய வாழ்வையும் இப்போதையதையும் ஒப்பிட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றும் சொல்லிவிடுகிறார். ஜான் ஃபீல்டின் வீட்டுக்கு அவர் போயிருந்தால் மழை விடும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருப்பார்.

முடிவு இன்னும் விசேஷம். ஒரு விடியற்காலம் அவருக்குச் சந்தேகம் வருகிறது. எதிலும் பற்று வைக்காதே என்பது புத்தருடைய போதனை; நான் இந்தக் குடிசையின்மேல் வைத்திருக்கும் ஆசையும் பற்றுத்தானே, இந்த அமைதியை விரும்புவதும் தடைதானே என்று தன் மனத்தைக் கேட்கிறார். மனம் பதில் சொல்லவில்லை. நாக்கு மட்டும் புத்த நாமத்தை இரண்டு மூன்று தரம் சொல்லி நிற்கிறது. புஸ்தகம் முடிந்துவிடுகிறது. தன் எளிமையைக் கண்டு தானே மயங்கிவிடாமல், அதையும் ஒரு சொத்தாக எண்ணி விசாரித்த இந்த முடிவுக்கு இணையான ஓர் இடம் ‘வால்டனி’ல் இல்லை. தோரோ குடிசையை விட்டு வந்ததும் நியாயமான காரணத்தோடுதான். வாழ வேண்டிய வேறு வாழ்வுகள் இருந்தன என்கிறார். ஆனால் அந்தக் குடிசையைப் பற்றி அவருக்குக் கடைசிவரை கொஞ்சம் கர்வம் இருந்தது.

அப்படியானால் ‘ஹோஜோகி’தான் உயர்ந்த நூலா? அளவில் சிறியதானாலும் கலை நிறைவில் உயர்ந்தது என்றுதான் சொல்வேன். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். ஒரு வார்த்தை அதிகமில்லை. ஆனால் அதிகப் பேருக்கு உபயோகப்படுவது ‘வால்டன்’. சோமெய் உலகத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கினார். அதற்கு வேண்டிய காரணமும் அவருக்கு இருந்தது. தோரோ உலகத்தை விரும்பிக்கொண்டே அதன் வேண்டாத சுமையை மட்டும் இறக்கிவைக்க முடியுமா என்று பார்த்தார். வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் கையைப் பிசைகிற நமக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர் அவர்தான்.

இரண்டு பேருக்கும் மனைவி மக்கள் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. இருவருமே ஒரு தட்டுக்குத்தான் கணக்குப் பார்த்தார்கள். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டின் எளிமையைப் பற்றி யாராவது இதே அளவு நேர்மையோடு எழுதினால் அது மூன்றாவது புஸ்தகமாக இருக்கும். அதை எழுதுகிறவர் ஒரு பெண்ணாக இருப்பார் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரையில், தோரோவின் கணக்கு நோட்டையும் சோமெய்யின் கடைசிக் கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. ‘வால்டனை’ப் படித்துவிட்டு உற்சாகத்தில் அலமாரியிலிருந்து ஒரு சாமானைக் குறைப்பதற்கு முன், வீட்டில் ஒருவருக்கு ஒரு வேலையைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறவர் அந்தப் புஸ்தகத்தைச் சரியாகப் படித்தவர். அப்படிக் குறைத்த பிறகு கிடைக்கிற கால் மணி நேரத்தில், இரண்டு பேருமாகத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பருப்புக் கீரைச் சோற்றின் ருசியைத் தோரோகூட அறிந்திருக்கமாட்டார்.